மீனும் மாங்காயும் ஒரே கூடையில்

புதன் காலை, பிள்ளைகள் கை கழுவ வரிசையில் நின்றபோது பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் மௌத் அறிவித்தல் வந்தது. இறந்தவர் எங்கள் முன்பள்ளியில் என்னோடு ஒன்பது வருடம் படிப்பித்த றமீஸா டீச்சர். நோயோடு இருந்த வருத்தக்காரி என்று தெரியும். ஆனாலும் மனம் ஒப்பவில்லை, இன்னும் ஒப்பவில்லை.

டிப்ளோமா முடித்தவள் நான். அவர் எனக்கு இளையவர், பயிற்சி ஏதும் இல்லாமல் சேர்ந்தவர். உயரமான கிளாசுக்கு மாற்றினால் தண்ணீர் கூடிவிட்டதென்று நாலு வயதுப் பிள்ளை நம்பும் என்று ஒருநாள் பெருமையாகச் சொன்னேன். "அப்படியா ராத்தா? செஞ்சி பாப்பமே" என்றார். மறுநாள் வகுப்பறை முழுக்கத் தண்ணீர். சரியான விடையைச் சொல்லிவிடுங்கள் என்று கத்தினேன். "நாம சொன்னா தலையாட்டுவாங்க. அவங்களே ஊத்தட்டும்" என்றார். துடைத்தது நான்தான்.

எங்கள் ஊரான சாய்ந்தமருதில் அவரை அறிந்தவர்களும் ஸஹ்றாவின் கதையைக் கேட்டிருக்கமாட்டார்கள். நான் சொன்னதில்லை. கடற்றொழிலாளி ஒருவரின் மகள். அதிகம் கதைக்காத பிள்ளை. முதலாம் வகுப்புக்கு முந்திய மதிப்பீட்டில் நாலு படங்களும் இரண்டு கூடைகளும் கொடுத்து, "சேர்ந்ததெல்லாம் ஒரு கூடையில போடுங்க" என்றேன். பாரை மீனையும் மாங்காயையும் ஒன்றில் போட்டாள். இறாலையும் முருங்கைக்காயையும் மற்றதில். 'வகைப்படுத்தத் தெரியாது. இன்னும் ஒரு வருடம் இங்கேயே இருக்கட்டும்' என்று எழுதினேன். அவளுடைய உம்மா நான் சொன்னால் மறுக்கமாட்டார்.

றமீஸா அதை வாசித்தார். என்னோடு வாதாடாமல் பாயில் பிள்ளையின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"இத ஏன் மகள் இஞ்ச வெச்சீங்க?"

"இது ஒரு சட்டி, அது மத்தச் சட்டி. உம்மா மாங்கா போட்டுத்தான் பாரை ஆக்குவா."

வாழ்க்கையில் ஒன்றாகப் போகிறவற்றைத்தான் இந்த வயதுப் பிள்ளைகள் ஒன்றாகச் சேர்ப்பார்கள். படித்திருந்தேன், பரீட்சையிலும் எழுதியிருந்தேன். கூடை முன்னால் இருந்தபோது நினைவு வரவில்லை. வெட்கமாகப் போயிற்று.

"புள்ள சரியாத்தான் பிரிச்சிருக்கா ராத்தா. நாமதான் எப்படிப் பிரிக்கிறண்டு சொல்லல்ல" என்று சிரித்தார். எழுதியதைக் கிழித்தேன். ஸஹ்றா தன் வயதுப் பிள்ளைகளோடே முதலாம் வகுப்புக்குப் போனாள்.

அல்லாஹ் அவரைப் பொருந்திக்கொள்ளட்டும். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது "ஏன் மகள்?" என்ற கேள்விதான். அதைக் கேட்காமல் இப்போது நான் எதையும் எழுதுவதில்லை. அவர் வருவதற்கு முன்பு ஆறு வருடம் நான் தனியாக மதிப்பிட்டேன். அந்தப் பிள்ளைகளில் ஒருவரிடமும் 'ஏன்?' என்று நான் கேட்கவில்லை.