சரோஜா டீச்சர் சொன்ன கணக்குப் பாடம்

சரோஜா டீச்சர் இறந்துவிட்டார்களாம். வடமதுரையில், மகன் வீட்டில். சாயங்காலம் ஸ்கூல் குரூப்பில் போட்டிருந்தார்கள்...

அப்பா பக்கத்து அறையில் படுத்திருக்கிறார். லைட் போடாமல் டைப் செய்துகொண்டிருக்கிறேன். எழுந்து வந்து என்ன எழுதுகிறாய் என்று கேட்டால் என்ன சொல்வது என்று தெரியவில்லை. ஐம்பது வயது தாண்டியும் இந்த ஒரு விஷயத்தில் எனக்கு ஒன்பதாம் வகுப்புப் பயம்தான்.

எண்பதுகளில் நடந்தது. சின்னாளபட்டியிலிருந்து திண்டுக்கல்லுக்கு பஸ்ஸில் போய்ப் படித்தேன். அப்பாவுக்குத் தறி. அக்காவை எட்டாவதோடு நிறுத்தி, சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போட உட்கார வைத்துவிட்டார்கள்.

என்னிடம் அப்பா சொன்னது இதுதான். "கணக்கு, இங்கிலீசு படிக்கிற வரைக்கும் போ. படம் போடுறேன், மண்ணு பிசையுறேன்னு காதுல விழுந்துச்சு, மறுநாளே அக்கா பக்கத்துல உக்காந்துக்கிற வேண்டியதுதான்."

சரோஜா டீச்சர் எங்கள் டிராயிங் டீச்சர்.

முதலில் ஒரு பவுடர் டப்பாவைக் கொடுத்து அதன் மேல் டிசைன் போடச் சொன்னார்கள். பேப்பரில் வரைந்து சுற்றி ஒட்டினால் முடிந்தது. அடுத்து ஆளுக்கொரு சின்ன மண் கலயம். பேப்பரைச் சுற்றினால் எல்லாப் பக்கமும் மடிப்பு, சுருக்கம்...

"டப்பா சொன்ன பேச்சு கேக்கும். கலயம் கேக்காதுடி. வயித்தத் தள்ளிக்கிட்டு நிக்கும்." வகுப்பே சிரித்தது. நான் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்று நான் போட்ட டிசைன் இன்னும் ஞாபகம் இருக்கிறது. கழுத்தில் ஒரு கரை, அடியில் ஒரு கரை, நடுவில் மாங்காய் வைத்து ஒரு முந்தி. டீச்சர் கலயத்தைத் திருப்பினார்கள். பின்பக்கம் மொட்டையாக இருந்தது.

"என்னடி, கலயத்துக்குச் சேலை கட்டி விட்டிருக்க? முந்தி எந்தப் பக்கம்னு அதுக்குத் தெரியுமா?"

அப்புறம் நூலை வைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். கலயத்தின் வயிற்றைச் சுற்றி ஒரு நூல். அதை எடுத்துப் பாதியாக மடி, இன்னொரு தடவை, இன்னொரு தடவை. எட்டு பாகம். மடிப்பு விழுந்த இடத்திலெல்லாம் கலயத்தில் சாக்பீஸ் புள்ளி. பிறகு கலயத்தைத் திருப்பித் திருப்பி வரைய வேண்டும்.

வீட்டில் தறி இருக்கிறதே, கழிவு நூல் கொண்டு வா என்றார்கள். அப்போதுதான் அழுதுகொண்டே அப்பா போட்ட கண்டிஷனைச் சொன்னேன். டீச்சர் டெம்பரவரி போஸ்டிங். பேரன்ட்ஸ் யாராவது சத்தம் போட்டால் அவர்கள் வேலைக்கும் ஆபத்துதான்.

ஆனாலும் நூலைக் கொண்டுபோனேன். ஜாமெட்ரி பாக்ஸுக்குள் ஒளித்து. திரும்பி வரும்போது பஸ்ஸில், கலயத்துக்குப் பூசிய காவி நகத்தில் ஒட்டியிருப்பதை ஊக்கால் எடுத்துக்கொண்டே வருவேன்.

ஒரு நாள் கடையில் சேலை கொடுக்கத் திண்டுக்கல் வந்த அப்பா, நேராக வகுப்பு வாசலில் வந்து நின்றார். என் மடியில் கலயம். கையில் பிரஷ். அக்கா பக்கத்தில் விரித்த பாய்தான் கண்ணில் தெரிந்தது.

டீச்சர் வேகமாக வாசலுக்குப் போனார்கள். கையில் இருந்த நூலைத் தூக்கிக் காட்டினார்கள்.

"கணக்குப் பாடங்கய்யா. நூல வச்சு சுத்தளவு எடுத்து, எட்டாப் பிரிக்கிறோம்."

அப்பா உள்ளே வந்தார். கலயத்தை வாங்கி ஒரு சுற்று திருப்பினார். முக்கால்வாசி முடிந்திருந்தது.

"மிச்சக் கணக்கையும் போட்டு முடி," என்று என் மடியில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அன்று ராத்திரி வீட்டில் அதைப் பற்றிப் பேச்சே இல்லை. மறுநாளும் இல்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. பன்னிரண்டாவது வரை பள்ளிக்கூடம் போனேன்.

இன்று சாப்பிடும்போது, ஏன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருக்கிறாய் என்று அப்பா கேட்டார். எங்கள் கணக்கு டீச்சர் இறந்துவிட்டார்கள் என்றேன். வாய் தானாக அப்படித்தான் சொன்னது.

அப்பா மோரை ஊற்றிக்கொண்டார். "டிராயிங் டீச்சர்னு சொல்லு."

நான் நிமிரவில்லை.

"காலையில போவோம். நானும் வாரேன்."

அங்கே வந்து என்ன பேசுவாரோ...

வருகிறோம் டீச்சர்.