முதல் மூட்டை

ஆரணியை அடுத்த எங்கள் ஊரில் விதை நெல்லில் ஐயம் எழுந்தால் என்னிடம்தான் வருவார்கள். வேளாண்மையில் பட்டம் பெற்று, அரசுப் பள்ளியில் அந்தப் பாடத்தையே நடத்தி ஓய்வு பெற்றவள் நான். பள்ளியில் நான் தொடங்கிய இளம் உழவர் மன்றம் என் ஓய்வோடு நின்றுவிடவில்லை. மன்றத்துப் பெண்கள் என் நிலத்திலேயே விதை நெல் வளர்த்தார்கள். கதிர் வெளிவரும் பருவத்தில் வரிசை வரிசையாக நடந்து, உயரம் தப்பி நிற்கும் வேற்று ரகப் பயிரை வேரோடு பிடுங்குவார்கள். விதைக்கான வயலை அரிவாளால் மட்டுமே அறுத்தோம். எங்கள் விதையில் கலப்பு என்று அதுவரை ஒருவரும் சொன்னதில்லை.

முதன்முதலில் சொன்னவர் ஊர் உழவர் குழுத் தலைவர். மார்கழியில் விதைக்கும் நவரைப் பட்டத்துக்கு எங்களிடம் சன்ன ரக விதை வாங்கிப் பயிரிட்டவர். அறுவடைக்குப் புதிதாக ஓர் இயந்திரம் வாங்கினார். அன்று காலை வெள்ளோட்டமாகப் பக்கத்து வயலின் குண்டு நெல்லை அதில் அறுத்துவிட்டு, அதே சூட்டில் தம் வயலில் இறக்கினார். கற்பூரம் காட்டி, சக்கரத்தில் எலுமிச்சை வைத்து நசுக்கி, முதலில் விழுந்த மூட்டைக்கு மஞ்சள் குங்குமம் இட்டார்கள். அடுத்த பட்டத்துக்கு அதுதான் விதை என்று பூசையறைக்கு எடுத்துச் சென்றார்கள்.

நானும் அழைப்பின் பேரில் அங்கே நின்றிருந்தேன். இயந்திரத்தின் வயிற்றில் பழைய வயலின் நெல் தங்கியிருக்கும், முதல் மூட்டைகள் விதைக்கு ஆகாது, ஆலைக்கு அனுப்புங்கள் என்றேன்.

அவர் சிரித்தார். "மொத மூட்ட லட்சுமி டீச்சர். லட்சுமிய மில்லுக்கு அனுப்பச் சொல்றீங்களே, நல்லா கீது உங்க படிப்பு!"

சித்திரையில் தொடங்கும் சொர்ணவாரிப் பட்டத்தில் அந்த விதை முளைத்துக் கதிர் விட்டபோது, சன்னக் கதிர்களுக்கு மேலே குண்டுக் கதிர்கள் தலை நீட்டின. குழுக் கூட்டத்தில் அவர் எழுந்து, மன்றம் கொடுத்த விதையே கலப்பு என்றார். "பள்ளிக்கூடத்துப் பொண்ணுங்க விளையாட்டா வெதச்சது. நம்ம வயல்ல போட்டா இப்டிதான்." கூட்டம் சிரித்தது. முதல் மூட்டையைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

அந்த வாரமே சம்பாவுக்கு எங்களிடம் விதை கேட்டிருந்தவர்கள் வேண்டாம் என்றார்கள். இரண்டு தாய்மார்கள் தங்கள் பெண்களை மன்றத்திலிருந்து நிறுத்திக்கொண்டார்கள். பேருந்துக்குக் காத்திருந்த என்னிடம் தேநீர்க் கடைக்காரர் கேட்டார்: "டீச்சர், டீ சாப்பிடுறீங்களா? கலப்பு இல்லாததுங்க." நான் ஆயுள் முழுவதும் சேர்த்த பெயர் ஒரு டம்ளர் தேநீருக்கு நகைச்சுவையாகிவிட்டது. அதை அப்படியே விட நான் ஆயத்தமாக இல்லை.

அடுத்த கூட்டத்தில் தலைவருடைய விதை மூட்டையில் மீந்ததிலிருந்து ஒரு படி கேட்டேன். எல்லோர் முன்னிலையிலும் பெருமையாகவே கொடுத்தார். யாருக்கு விதை கொடுத்தாலும் அதில் ஒரு படியைத் துணிப்பையில் கட்டி முத்திரையிட்டு வைப்பது மன்றத்தின் வழக்கம். அவருக்குக் கொடுத்த விதையின் பையை அதே கூட்டத்தில் பிரித்தேன். வந்தவாசி சாலையை ஒட்டிய என் வயலில், பேருந்து நிற்கும் இடத்துக்கு எதிரே, இரண்டையும் அருகருகே நட்டோம். கதிர் வந்ததும் இரண்டு பலகைகள் வைத்தேன். ஒன்றில் 'மன்றம் கொடுத்த விதை'. மற்றதில் அவர் பெயரும் 'முதல் மூட்டை' என்பதும். எழுத்தைப் பெரிதாக எழுதச் சொன்னேன். ஓடும் பேருந்திலிருந்தும் படிக்க வேண்டும் என்பது என் நோக்கம்.

ஒரு பாத்தி பாய் விரித்ததுபோல் சமமாக நின்றது. மற்றது பரட்டைத் தலை. தேநீர்க் கடைக்காரர் அதன் பிறகு என்னிடம் நகைச்சுவை பேசவில்லை. தலைவர் சுற்றுப் பாதையில் போகத் தொடங்கினார். எனக்கு அது போதவில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன். தினமும் மாலை வரப்பில் நாற்காலி போட்டு அமர்ந்தேன்.

ஒரு நாள் அவர் மனைவி வந்தார். "டீச்சர், ஞாயித்துக்கெழம பொண்ணுக்கு நிச்சயம்ங்க. மாப்பிள்ள வீட்டுக்காரங்க, ஆரணிப் பட்டுக்கடைக்காரங்க, இந்த வழியாதான் வராங்க. ஒரு வாரத்துக்கு அந்தப் பலகைய மட்டும் எடுத்துடுங்களேன்."

"அவர் எங்க பொண்ணுங்களப் பேசினப்ப நீங்க ரெண்டாவது வரிசைல ஒக்காந்து சிரிச்சிகினு இருந்தீங்க" என்றேன்.

"அதுக்கு எம் பொண்ணு இன்னா பண்ணுச்சு டீச்சர்?"

கூட்டத்தில் எழுந்து முதல் மூட்டைதான் காரணம் என்று ஒரு வார்த்தை தலைவர் சொல்லட்டும், அன்றே எடுக்கிறேன் என்றேன். அவர் சொல்லவில்லை.

அண்மையில் எனக்கு நடந்த பாராட்டு விழாவில் ஒருவர், நிச்சயத்துக்கு முன்தினம் டீச்சரே மனம் இளகித் தம் கையால் பலகையைப் பிடுங்கினார் என்று பேசினார். கைதட்டினார்கள். அது உண்மையன்று. பலகை அறுவடை வரை அங்கேயே இருந்தது.