கறுப்புக் கட்டையும் வழுக்கைத் தலைக்காரரும்

எதுத்த வீட்டுக்காரி மருமக கோவிச்சுக்கிட்டுச் சாத்தூருக்குப் போனது கெடக்கட்டும் மாரி, எம் பேத்தி கூத்தைக் கேளு. காலேஜுல யாரோ இங்கிலீசு நாடகக்காரரைப் படிக்கிறாளாம். அவரு வாழ்க்கைக்கும் நாடகத்துக்கும் வெளக்கம் போட்ட பழைய கைடு ஒண்ணு வச்சிருந்தா. நேத்து அது கீழ விழுந்து, தையல் பிரிஞ்சு, மடிப்பு மடிப்பாச் செதறிப்போச்சு. நான் ஒரு நிமிசத்துல வரிசையா அடுக்கிக் குடுத்துட்டேன்! "அப்பத்தா, ஒனக்கு எழுத்தே தெரியாதே!"ன்னு வாயைப் பொளந்துட்டா.

அந்தப் பசை வாடை எனக்குத் தெரியாதா? பத்து வயசுல எங்காத்தாவோட சிவகாசி அச்சாபீசுக்குக் கைடு அடுக்கப் போவேன். பெரிய தாளை மடிச்சுப் போட்ட ஒவ்வொரு மடிப்பு முதுகுலயும் கறுப்பா ஒரு கட்டை, சின்னக் கட்டமாட்டம், அச்சடிச்சிருக்கும்; அடுத்தடுத்த மடிப்புல அது கொஞ்சங் கொஞ்சமாக் கீழ எறங்கும். "கட்டை படி எறங்குற மாதிரி வரணும், பராக்குப் பாக்காதடி"ம்பா ஆத்தா. மொத மடிப்புல வழுக்கைத் தலையோட ஒருத்தரு படம். வெளையாட வேற பிள்ளைக கெடையாது, அவருகிட்டதான் பேசுவேன். "இவரு கதை என்னாத்தா?"ன்னா, "அடுக்குடி, லோடு ஏத்தணும்"பா.

நேத்துப் பேத்தி கைடுலயும் அதே ஆளு படந்தான் மாரி! "கதையைச் சொல்லுத்தா"ன்னு பேத்திகிட்டக் கேட்டேன். "பஸ்ஸு வந்துருச்சு அப்பத்தா, அடுத்த லீவுக்கு"ன்னு ஓடிட்டா. பரீச்சை முடிஞ்சுதாம், கைடை இங்கனயே போட்டுட்டா. காலையிலருந்து மூணு தடவ கலைச்சுக் கலைச்சு அடுக்கிட்டேன்.

நடுவுல தமிழ்லயும் வெளக்கம் இருக்காம். நீ எட்டாப்பு படிச்சவதான, ஒரு பக்கம் வாசியேன்... அடியே, குழாயில தண்ணி வந்துருச்சு! ஒங்கொடத்தையும் குடு, நானே பிடிச்சாரேன். நீ எந்திரிச்சுப் போயிறாத.