நாடாத் தழும்பு என்று நினைத்தது

கும்மிடிப்பூண்டியில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கும் என் மகளுக்கு ஒரு வாரமாகக் காய்ச்சல். ரத்தப் பரிசோதனையில் டெங்கு இல்லை, டைபாய்டும் இல்லை. மாத்திரை போட்டால் இறங்கும், மறுபடி ஏறும். நடந்தாலே மூச்சு வாங்க ஆரம்பித்ததும் பயந்துபோய், ஆட்டோ பிடித்து அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனேன்.

"உடம்புல எங்கயாவது சிகரெட்டால சுட்ட மாதிரி கறுப்பா புண்ணு இருக்காம்மா?" என்று கேட்டார் டாக்டர் அம்மா.

"இல்லீங்க டாக்டர்." தினமும் ஈரத்துணியால் துடைத்துவிட்டவள் நான்தானே.

அவர் விடவில்லை. திரையை இழுத்துவிட்டு அக்குள், காதுக்குப் பின்னால் என்று தேடினார். பேண்ட் நாடாவைத் தளர்த்தச் சொல்லி, இடுப்பில் இருந்த கறுப்புத் தடத்தைக் குனிந்து பார்த்தார்.

"அது நாடாத் தழும்புங்க. எல்லாப் பொம்பளைங்களுக்கும் இருக்கறதுதானே."

"நாடா அழுத்துனா சுத்திலும் கறுக்கும்மா. இது ஒரே எடத்துல பொருக்குத் தட்டியிருக்கு பாருங்க. வலிக்குதாம்மா?"

இல்லை என்று மகள் தலையசைத்தாள். வலித்திருந்தால் என்னிடம் சொல்லியிருப்பாளே!

உண்ணிக் காய்ச்சல் என்றார். புதரிலும் புல்லிலும் இருக்கும், கண்ணுக்கே தெரியாத உண்ணிக்குஞ்சு, துணி இறுக்கும் இடமாகப் பார்த்துக் கடிக்குமாம். விட்டால் நுரையீரலைப் பிடித்துவிடுமாம். ரத்தப் பரிசோதனை முடிவுக்குக் காத்திராமல், அவளை வார்டில் சேர்த்து அப்போதே மருந்தைத் தொடங்கினார்.

மறுநாள் முழுதும் அவள் நெற்றியிலிருந்து நான் கையை எடுக்கவில்லை. அதற்கடுத்த காலையில் நெற்றி வேர்த்துக் குளிர்ந்திருந்தது. கண்ணைத் திறந்தவள், "நாஷ்டா இன்னாம்மா?" என்றாள். இட்லி வாங்க ஓடினேன்.

எங்கே கடித்ததோ தெரியவில்லை. மதியம் தோழிகளோடு ஷெட்டுக்குப் பின்னால் புல்லில் உட்கார்ந்து சாப்பிடுவாளாம். நானும் துணியை வீட்டுப் பின்புறச் செடிகள்மேல்தான் உலர்த்துவேன். இப்போது கொடி கட்டிவிட்டேன். அவள் பையில் உட்காரத் தார்ப்பாய்த் துண்டு. வேலை முடிந்து வந்ததும் சோப்புப் போட்டுக் குளியல், போட்டிருந்த உடுப்பு நேரே வெந்நீருக்கு.

குளித்து வந்தவளைத் திருப்பி நிறுத்தி முதுகு, இடுப்பு, முழங்கால் மடிப்பு எல்லாம் பார்த்துவிடுகிறேன்.

"கம்பெனி கேட்ல ஒரு செக்கிங்கு, ஊட்ல ஒரு செக்கிங்கா? பேஜாரும்மா உன்கூட."

"கையத் தூக்குடி."

தூக்கினாள். ஒன்றுமில்லை.