நாவலில் இறந்துபோன பிலோமினா

காகிதத்தைக் கண்ணாடிமேல் கவிழ்ப்பதற்கு முன்னால் பிலோமினா அதை ஒரு முறை படித்துவிடுகிறாள். கடலூர் மஞ்சக்குப்பத்தில் நீதிமன்றத்துக்குப் போகிற வழியில் இருக்கிறது அவளுடைய ஜெராக்ஸ் கடை. ஜாமீன் மனு, பட்டா, கல்யாணப் பத்திரிகை, முனைவர் பட்ட ஆய்வேடு என்று எது வந்தாலும் நெற்றியில் ஏற்றி வைத்திருக்கும் மூக்குக்கண்ணாடியைக் கீழே இறக்கி, உதட்டைப் பிதுக்கிக்கொண்டு, மேலிருந்து கீழே பார்வையை ஓட்டுவாள். அதன் பிறகுதான் மெஷினின் மூடி மூடும். உள்ளே வெளிச்சம் நகரும்போது வெளியே கருத்து வந்துவிடும்.

"'கண்ணீர் மல்க வேண்டுகிறேன்'னு எதுக்கு சார் போட்டீங்க? தாசில்தாரு தெனம் அழுவுற ஆளத்தான் பாக்குறாரு. சர்வே நெம்பர மொதல்ல எழுதுங்க."

ஆய்வேட்டோடு வந்த ஒருவரிடம் குரலைக்கூடத் தாழ்த்தாமல் சொன்னாள்: "இந்தப் பக்கத்த போன வருஷமே வேற ஒரு பொண்ணு எடுத்துக்கினு போச்சு. எழுத்துப் பிழைகூட மாறல. அதயாவது திருத்தியிருக்கலாம்."

கோபித்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போனவர்கள் உண்டு. போனவர்களைப் பற்றியும் அவளிடம் கருத்து உண்டு.

வயது நாற்பத்தைந்தை நெருங்குகிறது. நெஞ்சுக்கூட்டின் அடியிலிருந்து வருகிற கனத்த குரல். தெருவின் எதிர்ப்பக்கம் நிற்கிறவருக்கும் கேட்கும். ஞாயிற்றுக்கிழமை பூசையில் கடைசி பெஞ்சில்தான் உட்காருவாள். பாடகர் குழுவில் சேரவே மாட்டாள். ஆனால் குழு பாடும்போது கடைசி பெஞ்சிலிருந்து இரண்டாம் குரல் ஒன்று எழும்பும். ஆர்மோனியக்காரர் திரும்பிப் பார்ப்பார். அவள் பாட்டுப் புத்தகத்தைப் பார்ப்பாள். பிரசங்கத்தின் நடுவே, பக்கத்தில் இருக்கும் கணவரின் காதில், நாலு வரிசைக்குக் கேட்கும்படி ரகசியம் சொல்வாள்: "இந்த ஆட்டுக்குட்டி போன வருஷமும் இதே மாதிரிதாங்க காணாமப் போச்சு."

கணவர் அடைக்கலராஜ் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியர். விசில் ஊதியே பழகியவர் என்பதால் வீட்டில் அதிகம் பேசுவதில்லை. செம்மண்டலத்து வீட்டில் டிவி செய்தி வாசிப்பவரும் பிலோமினாவிடமிருந்து தப்ப முடியாது என்பது அவருக்குத் தெரியும். அவர் தன் தட்டைப் பார்த்துச் சாப்பிடுவார்.

இப்படிப்பட்டவளைப் பற்றி ஒருவன் நாவல் எழுதினான். அதுவும் அவளுக்கே ஒரு பிரதி அனுப்பிவைத்தான்.

எண்பதுகளின் நடுவில் சிதம்பரத்தில் ஆங்கில இலக்கியம் படித்தபோது பிலோமினா ஒரு ராக் குழுவில் பாடினாள். ராக் குழு என்றதும் பெரிதாக நினைத்துவிடக் கூடாது என்று அவளே சொல்வாள். இரண்டு கிடார், அதில் ஒன்று இரவல். டிரம்ஸ், பங்குச் சாமியாரிடம் கெஞ்சி வாங்கியது. ஆம்ப்ளிஃபயர் கீழவீதி மைக் செட்காரருடையது. பாதிப் பாட்டில் கரண்ட் போனால் அவரே வந்து ஒயரைச் சுருட்ட ஆரம்பித்துவிடுவார். குழுவின் பெயர் 'தி கோஸ்டல்ஸ்'. விடுதி நாள் விழாவில் அறிவிப்பாளர் 'தி காஸ்ட்லீஸ்' என்று கூப்பிட்டார். மேடை ஏறினார்கள், பாடினார்கள், மூன்று வருடத்தில் கலைந்தும் போனார்கள்.

டிரம்ஸ் வாசித்தவன் காட்டுமன்னார்கோயில் டேவிட் ராஜ். கை பேசுகிற அளவுக்கு வாய் பேசாது. ரிதம் கிடார், கலியமூர்த்தி. சுரங்களைச் சேர்த்து மீட்டுகிற கார்டுகளில் அவனுக்குத் தெரிந்தவை மூன்று. மூன்றையும் எல்லாப் பாட்டிலும் வாசிப்பான். ஒரு நிகழ்ச்சியில் பொறுக்கமாட்டாமல் டேவிட் ராஜ் அவனுடைய கிடார் ஒயரைப் பிடுங்கிவிட்டுத் தன் இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டான். கலியமூர்த்தி கண்ணை மூடி, தலையை ஆட்டி, கடைசிவரை வாசித்தான். பாட்டு முடிந்ததும் கூட்டத்தை நோக்கிக் குனிந்து வணங்கவும் செய்தான்.

அந்தக் கலியமூர்த்திதான் பிற்பாடு சென்னைக்குப் போய் எழுத்தாளனானான். 2008இல் ஒரு நாள் கையில் ஒலிப்பதிவுக் கருவியுடன் கடைக்கு வந்து நின்றான். நம் குழுவைப் பற்றி நாவல் எழுதுகிறேன், எல்லாரையும் பேட்டி எடுக்கிறேன் என்றான். பிலோமினா இரண்டு மத்தியானம் பேசினாள். ஒயர் பிடுங்கிய கதையையும் அவன் முகத்துக்கு நேராகவே சொன்னாள். யாரிடமும் சொல்லாத சிலதையும் சொன்னாள். நகல் எடுக்க வந்தவர்களை அடுத்த கடைக்குப் போகச் சொல்லி அவளே கைகாட்டியது அந்த இரண்டு நாள்தான்.

2010 தொடக்கத்தில் கொரியரில் புத்தகம் வந்தது. தலைப்பு 'ஏழாவது தந்தி'. முதல் பக்கத்தில் கலியமூர்த்தியின் கையெழுத்து: 'மறக்க முடியாத குரலுக்கு.' பிலோமினா அன்றைக்குக் கடையைச் சீக்கிரம் மூடினாள்.

நாவல் முழுக்கப் பேட்டிகள். ஒரு பேட்டி டிரம்மருடையது, அடுத்தது கிடார் கலைஞனுடையது, பிறகு விடுதிக் காப்பாளர், மைக் செட்காரர், டீக்கடைக்காரர். எல்லாரும் ஒரே ஆள் மாதிரிப் பேசினார்கள். டீக்கடைக்காரர்கூட 'இருத்தலின் வெறுமை' என்றார். பத்துப் பக்கத்துக்கு ஒருதரம் அடைப்புக்குறிக்குள் 'நீண்ட மௌனம்' வந்தது. மூன்று கார்டு கலியமூர்த்தி, கபிலன் என்ற பெயரில் முன்னணி கிடார் கலைஞனாகியிருந்தான்; அவன் விரல் பட்டால் கூட்டம் அழுதது. ஒயர் கதையைக் காணவில்லை. குழுவில் பாடிய ரீட்டா என்ற பெண் கபிலனை உயிருக்குயிராகக் காதலித்து, ஒரு பௌர்ணமியில் பிச்சாவரம் தில்லை மரங்களுக்கு நடுவே படகிலிருந்து குதித்து இறந்துபோனாள். முன்னுரை இப்படி முடிந்தது: 'இது நடந்த கதை. பாடியவள் இன்று இல்லை.'

"மறக்க முடியாத கொரலாம்! உள்ள சாவடிச்சிட்டு வெளிய கையெழுத்துப் போட்டுக் கொரியர்ல அனுப்புறான்," என்றாள் பிலோமினா. "அதுவும் பிச்சாவரத்துல. பாதி எடத்துல தண்ணி இடுப்பளவுதான். அதுல குதிச்சிச் சாவுறதுக்குத் தனியா டிரெயினிங் எடுக்கணும்."

அடைக்கலராஜ் புத்தகத்தை வாங்கி இரண்டு நாள் படித்தார். மூன்றாம் நாள் சாப்பாட்டின்போது மெதுவாகக் கேட்டார்: "இந்தக் கபிலன... நெஜமாவே உனக்குப் புடிக்குமா?"

"ஏங்க, அப்ப எனக்குக் கண்ணு நல்லாத்தான் தெரிஞ்சிது."

அவர் நிம்மதியாக ரசம் ஊற்றிக்கொண்டார்.

செத்ததைக்கூட அவள் சிரித்துக்கொண்டு சொல்லிவிட முடிந்தது. சிரிக்க முடியாதது வேறொன்று. டேவிட் ராஜுக்கு நாவலில் டேனியல் என்று பெயர். அந்த டிரம்மர் டேனியலின் பேட்டியைப் படித்துக்கொண்டு வந்தவள் ஓர் இடத்தில் நின்றுவிட்டாள். 'நாங்க பாட்ட விடல. ஒருநாள் ஒத்திகைக்கு யாரும் யாரையும் கூப்பிடல. அவ்ளோதான். அது முடிஞ்சிபோச்சின்னு எங்களுக்கே ரொம்ப நாள் கழிச்சித்தான் தெரிஞ்சிது.' அந்தப் பத்தியின் கீழே, 'மைக் முன்னால நின்னா ஒடம்புல எலும்பே இருக்காது, கொரல் மட்டுந்தான் நிக்கும்.' மைக் முன்னால் டிரம்மருக்கு என்ன வேலை? இரண்டும் அவள் சொன்னவை. கடையில், மெஷினை அணைத்துவிட்டு, வார்த்தை வார்த்தையாகத் தேடிச் சொன்னவை. நாவலில் உயிரோடு இருந்த வாக்கியங்கள் அவை மட்டும்தான் என்பது அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

கலியமூர்த்திக்குப் போன் போட்டாள்.

"அது நாவல், பிலோமி. புனைவு," என்றான் அவன்.

"புனைவுன்னா 'நடந்த கதை'ன்னு ஏண்டா போட்ட?"

"பதிப்பகத்துல கேட்டாங்க. வாசகருக்கு ஒரு பிடிப்பு வேணும்ல."

"சரி, நான் பேசினத டேவிட் எதுக்குப் பேசுறான்?"

கொஞ்சம் யோசித்துவிட்டுப் பொறுமையாக விளக்கினான்: "நீதான் செத்துட்டியே பிலோமி. எப்பிடிப் பேட்டி குடுப்ப?"

அதற்கு அவள் சொன்ன பதிலை அச்சில் தர முடியாது. கடைக்கு எதிரே நின்ற வக்கீல் குமாஸ்தா ஒருவர் குடையை மடக்கிக்கொண்டு நகர்ந்துபோனார்.

அடுத்த மாதம் சிதம்பரம் வாசகர் வட்டத்தின் அழைப்பிதழ் ஒன்று அவள் கடைக்கே நகலுக்கு வந்தது. 'ஏழாவது தந்தி' நாவல் விமர்சனக் கூட்டம், நூலாசிரியர் ஏற்புரை. படித்தாள். கேட்ட பிரதிகளை எடுத்துக் கொடுத்துவிட்டுத் தனக்கும் ஒன்று எடுத்துக்கொண்டாள். "எழுந்து நின்னு, அந்தப் பேச்சு என்னுதுன்னு ஒரே வார்த்த. அத்தோட கெளம்பி வந்துடுவேன்," என்று அடைக்கலராஜிடம் சொன்னாள். துணைக்கு வரட்டுமா என்றார். "எதுக்கு, விசிலடிக்கவா?" என்றாள். சனிக்கிழமை மத்தியானம் தனியாகப் பேருந்து ஏறினாள்.

மேலவீதியில் ஒரு மாடி அரங்கம். வாசலில் ஆளுக்கொரு மிக்சர் பொட்டலமும் காகிதக் கோப்பையில் டீயும் கொடுத்தார்கள். பாதி நாற்காலி நிறைந்திருந்தது. மேடையில் கலியமூர்த்தி ஜிப்பாவும் வெள்ளைத் தாடியுமாக இருந்தான். அவளைப் பார்த்ததும் சிரிப்பு வந்து, வந்த வேகத்தில் போய்விட்டது.

கூட்டம் தொடங்கிய பிறகு, பக்கத்து நாற்காலியில் ஒருவரைக் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து உட்காரவைத்தாள் ஒரு பெண். அவருடைய இடது கை மடியில் அப்படியே கிடந்தது. வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. அவர் பிலோமினாவைப் பார்த்தார். "பி... லோ... மி," என்றார்.

அவளுக்கு அடையாளம் தெரிய ஒரு நொடி ஆயிற்று. "டேவிட்டா? டேய், என்னடா இது?"

"ரெண்டு வருஷத்துக்கு மேல ஆவுதுங்க," என்று அவன் மனைவி மாலதி குனிந்து சொன்னாள். "பக்கவாதம். காலு கொஞ்சம் வந்திடிச்சி. பேச்சுத்தான் வரல. அந்த சார் வந்து மிஷின வெச்சிக்கினு ஒரு நாள் முழுக்க ஒக்காந்தாரு. இவரால ஒரு வார்த்த முழுசா சொல்ல முடியல. ஆனா பொஸ்தகத்துல பாருங்க, எவ்ளோ அழகா பேசியிருக்காரு! தெனமும் அந்தப் பக்கத்த என்னப் படிக்கச் சொல்லிக் கேப்பாரு."

பிலோமினா வாயைத் திறந்தாள். எதுவும் சொல்லாமல் மூடிக்கொண்டாள். அவளை அறிந்தவர்கள் இதை நம்பமாட்டார்கள்.

மேடையில் பேசியவர்களில் முதலாமவர் நாவலைப் படிக்கவில்லை என்பது தொடக்கத்திலேயே தெரிந்தது. இரண்டாமவர் படித்திருந்தார், அது இன்னும் மோசமாக இருந்தது. மூன்றாவதாக வாசகர் வட்டத் தலைவர் பொன்னுரங்கம் எழுந்தார். ஓய்வுபெற்ற பேராசிரியர், நெகிழ்வதற்கென்றே ஒரு குரல் வைத்திருப்பவர். "இந்நாவலின் உயிர் டேனியல்தான்," என்று சொல்லி அந்த ஒத்திகைப் பத்தியை உரக்க வாசித்தார். எலும்பு வாக்கியத்தையும் வாசித்தார். கைத்தட்டல் எழுந்தது. டேவிட் ராஜ் வலது கையால் தன் தொடையைத் தட்டினான். அவன் கண் ஈரமாகியிருந்தது.

"கோ... ர்வையா... பேசு... றேன்ல?" என்று அவளிடம் கேட்டான்.

பிலோமினா அவன் முகத்தையே பார்த்தாள்.

"நான்... நெனச்... சதுதான்," என்றான் அவன்.

"நல்லாத்தாண்டா பேசியிருக்க," என்றாள் அவள். "ஓம் பேச்சு ஒண்ணுதான் அதுல உருப்படி."

வாசகர் கேள்வி நேரம் வந்தது. அதற்காகத்தான் அவள் பேருந்து ஏறி வந்தது. எழுந்து நின்றாள். மைக்கைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். மேடையில் கலியமூர்த்தி தண்ணீர்ப் பாட்டிலைத் திறந்தான். மாலதி, கணவனோடு படித்தவர் பேசப்போகிறார் என்ற பெருமையோடு நிமிர்ந்து பார்த்தாள். டேவிட் ராஜும் பார்த்தான்.

"கடலூர்லேர்ந்து வரேன்," என்றாள் பிலோமினா. "கிடாருக்கு ஆறு தந்திதான். ஏழாவது எங்கேர்ந்து வந்திச்சு?"

அரங்கம் சிரித்தது. கலியமூர்த்தி பாட்டிலை மூடினான். அவன் முகத்தில் ரத்தம் திரும்பியது. "அந்த ஏழாவது தந்தி, வாசகரின் மனசு," என்றான். கைத்தட்டினார்கள்.

அவள் உட்கார்ந்தாள். "மனசாம்," என்றாள் டேவிட் ராஜின் பக்கம் சாய்ந்து. "அதுலயும் ஒயரு புடுங்கித்தான் கெடக்கும்." அவன் பாதி வாயால் சிரித்தான். உடம்பு குலுங்கியது.

நன்றியுரை முடிந்து எல்லாரும் பையைத் தேடும்போது பொன்னுரங்கம் மறுபடியும் மைக்கைப் பிடித்தார். "கலைவதற்கு முன் ஒன்று. இந்த நாவலுக்குத் தன் உயிரையே தந்த அந்தப் பாடகி இன்று நம்மிடையே இல்லை. அந்தக் குரலுக்கு அஞ்சலியாக, அனைவரும் எழுந்து நின்று, ஒரு நிமிடம்."

"ஐயா, அது வந்து..." என்று கலியமூர்த்தி கையைத் தூக்கினான். அதற்குள் நாற்காலிகள் நகர்ந்து அரங்கமே எழுந்துவிட்டது. அவனும் எழுந்து தலையைக் குனிந்துகொண்டான். மாலதி கணவனைத் தூக்கி நிறுத்தினாள். டேவிட் ராஜ் தள்ளாடியபடி நின்று, நல்ல கையால் பிலோமினாவின் தோளைத் தொட்டு, எழுந்திரு என்று சாடை காட்டினான். முன்வரிசையிலிருந்து இரண்டொருவர் திரும்பி முறைத்தார்கள்.

அவள் கால்மேல் கால் போட்டுக்கொண்டாள். மடியில் இருந்த மிக்சர் பொட்டலத்தைப் பல்லால் கிழித்து, உள்ளங்கையில் கொட்டி, பெரிய துண்டாக ஒன்றைத் தேடி எடுத்து வாயில் போட்டுக் கடித்தாள். அந்த அமைதியில் சத்தம் மேடைவரை போயிற்று. கலியமூர்த்தி தலையை நிமிர்த்தவில்லை. அவள் இன்னொன்றை எடுத்துக் கடித்தாள்.