மூன்றாவது தெரிவு

பேய், ஆவி என்று யாராவது கதை தொடங்கினால் முதலில் சிரிக்கிறவள் நான்தான். கம்பசில் கணினி படிக்கிறேன், எதற்கும் ஒரு காரணம் இருக்கும், தோண்டினால் அகப்படும் என்று இருந்தவள். இதற்கு மட்டும் அகப்படவில்லை. நம்புவதும் விடுவதும் உங்கள் பாடு.

போனில் ஒரு எழுத்து விளையாட்டு. படம் கிடையாது, ஆங்கிலத்தில் கதை மட்டும் ஓடும். ஒரு ஜெனரல் ஆளும் நாடு, பனி கொட்டும் நகரம், அங்கே தனியாக வாழும் ஆசிரியைதான் நீங்கள். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் இரண்டு தெரிவு இருக்கும், எதைத் தொடுகிறோமோ அந்த வழியால் கதை போகும். எனக்கு அதில் பைத்தியம்.

அன்று பின்னேரம் நல்ல மழை, கரண்டும் இல்லை, துறைமுகத்தில் ஏதோ கப்பல் ஊதிக்கொண்டிருந்தது. அம்மா குசினி வாசலில் இருந்து இறால் உரித்துக்கொண்டிருந்தார். அவருக்கு ஆங்கிலம் ஓரெழுத்தும் தெரியாது, அதனால் நான் தமிழில் சொல்லிச் சொல்லி விளையாடினேன். வீட்டுக்கு வீடு ஜெனரலின் படம் மாட்ட வேண்டும் என்று வந்ததும், "உந்த மனுசன் கண்ணாடி பார்க்கிறேல்லையோ?" என்றார். இரண்டு பேரும் சிரித்தோம். தெரிவுகளையும் அவரிடமே விட்டேன். எப்போதும் ஒரே பதில்தான், ஜன்னலைச் சாத்து, வாய் திறக்காதே.

பிறகு அந்தப் பக்கம் வந்தது. ஆசிரியையின் பக்கத்து வீட்டுக்காரரை ஜெனரலின் ஆட்கள் கையைக் கட்டி வண்டியருகே நிறுத்தியிருக்கிறார்கள்.

அப்பாவையும் அப்படித்தான் கொண்டுபோனார்கள். அப்போது நாங்கள் கட்டைபறிச்சான் கிராமத்தில் இருந்தோம், நான் கைக்குழந்தை. வீட்டுக்கு வரும் ஒழுங்கையின் முடிவில் அப்பா திரும்பி ஏதோ சொன்னாராம், வண்டி இரைச்சலில் அம்மாவுக்குக் கேட்கவில்லை. அதோடு அவரைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. எங்கே என்று கேட்டுக் கேட்டு ஓய்ந்த பிறகும், அந்த மனுசன் என்ன சொன்னவர் என்பதை மட்டும் அம்மா விடவில்லை. சோறு போடும்போது, உடுப்புக் காயப்போடும்போது, யாரிடமென்றில்லாமல் கேட்பார்.

தெரிவுகளை வாசித்தேன். ஜன்னலால் பார்த்துக்கொண்டிரு. ஜன்னலைச் சாத்து.

"மூண்டாவதை ஏன் பிள்ளை வாசிக்கேல்ல?"

அம்மா இருந்த இடத்துக்குப் போனின் முதுகுதான் தெரியும். இரண்டுதான் என்று சொல்ல வாயெடுத்துக் கீழே பார்க்கிறேன், மூன்றாவது வரி இருக்கிறது. அவரிடம் ஓடு.

"அமத்து," என்றார் அம்மா.

அந்த வரியைத் தொட்டு அமத்தினேன். ஆசிரியை பனியில் ஓடுகிறாள், அவர் திரும்புகிறார், ஏதோ சொல்கிறார். அதைத் தமிழில் சொல்லும்போது என் குரல் எனக்கே கேட்கவில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல், தனியே விடாதே, திரும்பிப் போ.

அந்த ஆசிரியைக்குப் பிள்ளையே கிடையாது.

அம்மா கையிலிருந்த இறாலை மெதுவாகச் சட்டியில் வைத்தார். "ஓம். அண்டைக்கு உனக்கு நெருப்பாக் காய்ஞ்சது. உன்னைப் பாயில போட்டிட்டுத்தான் நான் ஓடினனான்." "திரும்புவம் பிள்ளை."

ஆசிரியையோடு வீட்டுக்குத் திரும்பினோம். அடுத்த பக்கத்தில் வழக்கம்போல் விடிந்தது, கடையில் பாண் வாங்கும் வரிசை வந்தது.

மொழிபெயர்க்கும்போது நானே சேர்த்துவிட்டேன் என்பீர்கள். அந்தக் காய்ச்சலை அம்மா அதுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை, எனக்கு எப்படித் தெரியும்? விளையாட்டின் கோப்புகளையே கிளறிப் பார்த்தேன், அந்தப் பக்கத்துக்கு இரண்டே தெரிவுதான், மூன்றாவது பிறகு என் போனிலும் வரவில்லை. எதைத் தொட்டாலும் அவரை ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள். அதனால் திரும்பவும் அந்தப் பக்கத்துக்குப் போய், ஒன்றையும் தொடாமல் அப்படியே விட்டிருக்கிறேன். அம்மா இப்போது பழைய கேள்வியைக் கேட்பதில்லை. வேலைக்கு நடுவில், என்னைப் பாராமல், "இன்னும் நிக்கிறாரோ?" என்பார். ஓம் அம்மா என்பேன்.

தோழியின் போனில் அதே பக்கத்தைப் பார்த்தேன், அங்கே அவர் வண்டியைப் பார்த்தபடி நிற்கிறார். என் போனில் மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பி நிற்கிறார், வாய் அசைகிறது என்று எழுதியிருக்கிறது, என்ன சொல்கிறார் என்று இல்லை. இதை அம்மாவிடம் நான் எப்படிச் சொல்ல?