வெளியாள் கினுவின் தொண்டை

கினு அக்காவுக்கு நாகசாகியில் இரண்டு பெயர். மீன் வாங்கும்போது "மீன்கார அக்கா". வாங்கி முடித்ததும் "அந்த வெளியாள்".

அவள் மோகிக்காரி. மோகி ஏதோ ஏழு கடல் தாண்டி இருக்கிறது என்று நினைக்க வேண்டாம். எங்கள் மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற மீன்பிடி ஊர். பேருந்து ஏறினால், மடியில் வைத்த அவித்த சர்க்கரைவள்ளி ஆறுவதற்குள் போய்விடலாம். ஆனால் எங்கள் ஹோகாகே தெருக் கணக்கு வேறு. மூன்று தலைமுறை இந்தத் தெருவிலேயே பிறந்து இந்தத் தெருவிலேயே செத்தால்தான் ஒருவன் தெருக்காரன்.

இந்தச் சட்டத்துக்குக் காவல்காரர் தெருத்தலைவர் கிசாபுரோ. மதுக்கடை வைத்திருப்பவர். அவருடைய முன்னோர் சீனக் கப்பலில் சர்க்கரை மூட்டைகளோடு வந்து இறங்கியவர். அவர் மனைவியின் வழியில் ஒரு தாத்தாவின் படம் இருக்கிறது. அந்த மூக்கு ஹாலந்து தேசத்து மூக்கு. அதைப் பற்றி அந்த வீட்டில் பேச மாட்டார்கள். நாடே கதவைச் சாத்திக்கொண்டிருந்த காலத்தில் எங்கள் துறைமுகம் மட்டும் ஒரு ஜன்னலைத் திறந்து வைத்திருந்தது. எங்கள் கேக், எங்கள் நூடுல்ஸ், எங்களில் பாதிப் பேர், எல்லாம் அந்த ஜன்னல் வழியாக வந்தவைதான். என்னைக் கேட்டால், இந்த ஊரில் உள்ளூர்க்காரன் என்பவன் கொஞ்சம் சீக்கிரம் வந்துவிட்ட வெளியூர்க்காரன். ஆனால் என்னை யாரும் கேட்பதில்லை. பள்ளிக்கூடமே என்னைக் கேள்வி கேட்பதைப் பாதியில் நிறுத்திக்கொண்டது.

கினு அக்கா கல்யாணமாகி இங்கே வந்தவள். புருஷன் உரகாமிப் பக்கம் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போனவர், அந்த ஆகஸ்ட் மாதக் காலையில். அதற்கு மேல் எங்கள் ஊரில் யாரும் யாரையும் கேட்பதில்லை. அக்கா அழுதாளா என்று எனக்குத் தெரியாது, நான் அப்போது பிறக்கவில்லை. தோளில் ஒரு தடி, தடியின் இரண்டு முனையிலும் கூடை, கூடையில் மத்தி. அப்படித்தான் எனக்கு அவளைத் தெரியும்.

அவள் குரல்! அதைக் குரல் என்று சொல்வதே மரியாதைக் குறைவு. எங்கள் தெருப் படிக்கட்டின் அடியில் நின்று "மத்தீ... மத்தியோ!" என்று இழுத்தால், உச்சிப் படியில் தூங்கும் பூனைகள் எழுந்து உட்காரும். ஒருமுறை துறைமுகத்தில் நின்ற கிரேக்கக் கப்பல் பதிலுக்குச் சங்கு ஊதியது என்பார்கள். நான்தான் அந்தக் கதையைக் கட்டிவிட்டேன், ஆனால் நம்பாதவர் ஒருவரும் இல்லை. ஒருநாள் மதில் பின்னால் ஒளிந்துகொண்டு அவளைப் போலவே நான் கூவ, பெண்கள் தட்டும் கையுமாக வாசலுக்கு வந்துவிட்டார்கள். அக்கா அப்போதுதான் வளைவு திரும்பினாள். திட்டுவாள் என்று பார்த்தேன். நின்றவர்களுக்கெல்லாம் மீனை விற்றுவிட்டு, "நாளைக்கும் கூவுடா குரங்கே, எனக்குத் தொண்டை மிச்சம்" என்று போய்விட்டாள்.

அந்த வருடம் சுவா கோயில் திருவிழாவில் எங்கள் தெருவின் முறை. ஏழு வருடத்துக்கு ஒருமுறைதான் வரும். மற்றத் தெருக்கள் டிராகன் ஆட்டம், திமிங்கிலம் என்று கொண்டுவரும். எங்களுடையது ஹாலந்துக் கப்பல்: மரச் சக்கரம் வைத்த, பாய்மரம் உள்ள, உள்ளே பிள்ளைகள் உட்கார்ந்து மேளம் அடிக்கிற கப்பல். இருபது ஆண்கள் அதைக் கோயில் முற்றத்துக் கல்தரையில் இழுத்து ஓடி, நின்ற இடத்திலேயே பம்பரம் போல் சுற்றுவார்கள். சுற்றியபின் கப்பல் வெளியே போகத் தொடங்கும். அப்போது கூட்டம் கத்த வேண்டும்: "மொத்தெக்கோ...ய்!" திரும்பக் கொண்டா என்று அர்த்தம். கத்தினால் கப்பல் திரும்பி வரும். கத்தாவிட்டால் அப்படியே போய்விடும், ஏழு வருட அவமானத்தைச் சுமந்துகொண்டு.

ஒரே ஒரு விதி. தன் தெருக் கப்பலைத் தானே கூப்பிடக் கூடாது. தன் கல்யாணத்துக்குத் தானே மொய் எழுதுவது மாதிரி அது.

விழாவுக்கு முன் தெருக்கூட்டம் மதுக்கடையில் நடந்தது. கப்பல் இழுப்பதற்கே ஆள் சேரவில்லை. பையன்களெல்லாம் ஒசாகா தொழிற்சாலைகளுக்குப் போய்விட்டார்கள். என்னையே சேர்த்துக்கொண்டார்கள் என்றால் நிலைமை புரியும்.

"இந்தத் தடவை ஊர் கூப்பிட்டா சரி," என்றார் கிசாபுரோ. "கூப்பிடலேன்னா இதோட முடிஞ்சுது. கப்பலைக் கழட்டிக் கிட்டங்கியில போட்டுரலாம்."

வாசலில் கூடையை இறக்கிவிட்டு கினு அக்கா நின்றிருந்தாள்.

"தலைவரே, இழுக்கிறவங்களுக்குத் தண்ணி குடுக்கிற வேலையாவது எனக்குக் குடுங்களேன். இந்தக் கப்பலை மூணு தடவை பாத்திருக்கேன். ஒவ்வொரு தடவையும் சந்துலேர்ந்துதான்."

"தண்ணி குடுக்கிறதும் தெருக்காரங்க வேலைதான் கினு. மூணு தலைமுறை..."

"எம் மீன் மட்டும் முதல் தலைமுறையிலேயே உங்க வயித்துக்குள்ள போயிருச்சே. அது தெருக்காரனாயிருச்சா?"

எல்லோரும் சிரித்தார்கள். கிசாபுரோ சிரிக்கவில்லை. "உனக்கு நான் கோயில் கல்படியில இடம் வாங்கித் தரேன். வெளியாளுங்க உக்கார்ற இடம். நல்லாத் தெரியும்."

அக்கா தடியைத் தோளில் ஏற்றிக்கொண்டு போனாள். அன்று அவள் மத்தி என்று கூவவில்லை. தெரு அமைதியாக இருந்தது. எனக்கு அது பிடிக்கவில்லை.

விழாவன்று விடியலிலேயே தூறல். எங்களுக்கு முன்னால் வந்த தெரு டிராகனை ஆட்டிற்று. தங்க உருண்டையைத் துரத்தி அது வளைந்து நெளிய, கூட்டம் கத்திக் கத்தித் தொண்டையைக் கிழித்துக்கொண்டது. மூன்று முறை திரும்பக் கூப்பிட்டார்கள். டிராகன் போனதும் எல்லோரும் குடையை விரித்தார்கள், சோற்றுருண்டைப் பொட்டலத்தைப் பிரித்தார்கள். அந்த நேரத்தில் நாங்கள் நுழைந்தோம்.

முதல் ஓட்டம் நன்றாகத்தான் போனது. சுற்றும்போது தமொட்சு அண்ணனுக்குக் கால் வழுக்கியது. எங்கள் அணியின் தலைவர் அவர். கப்பலின் மூக்கை ஒட்டிய இழுகம்பு அவர் கையில். அவர் முழங்காலில் விழ, பின்னாலிருந்த நாங்கள் அவர்மேல் ஏறாமலிருக்கக் காலை ஊன்ற, கப்பல் பாதிச் சுற்றில் நின்றது. பாய்மரம் ஒரு பக்கம் சாய்ந்து, வெட்கப்பட்ட மாப்பிள்ளை மாதிரி கூட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. உள்ளே ஒரு பிள்ளை மேளத்தை நிறுத்திவிட்டு அழ ஆரம்பித்தது.

எழுந்தோம். மெதுவாக வெளியே இழுத்தோம். வேறு வழியில்லை.

ஒரு குரல்கூட வரவில்லை. முன்வரிசையில் வெள்ளைக் கால்சட்டை போட்டுக் கூப்பிடுவதற்கென்றே உட்கார்ந்திருப்பவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஒருவர் வாயைத் திறந்தார், இருமல்தான் வந்தது. கிசாபுரோ குடும்பச் சின்னம் போட்ட உடையில் நனைந்து நின்றார். அவர் உதடு அசைந்தது. கத்தத்தான் ஆசை, ஆனால் விதி. கையால் வாயைப் பொத்திக்கொண்டார். நான் கயிற்றைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். மழை நல்லது, முகத்தில் எது வழிந்தாலும் மழை என்று சொல்லலாம்.

கப்பலின் மூக்கு வாசலைத் தொட்டது.

அப்போது கல்படியின் உச்சியிலிருந்து வந்தது.

"மொத்தெக்கோ...ய்!"

புறாக்கள் கூரையை விட்டு எழுந்தன. கிரேக்கக் கப்பல் இருந்திருந்தால் இந்த முறை உண்மையிலேயே சங்கு ஊதியிருக்கும். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மழைக்குத் தலையில் கூடையைக் கவிழ்த்துக்கொண்டு கினு அக்கா நின்றிருந்தாள்.

எங்கள் தெருக்காரர் ஒருவர் பதறிப்போய், "ஏய், நம்ம கப்பலை நாமே கூப்பிடக் கூடாது!" என்று கையாட்டினார்.

"யாருய்யா நாம?" என்றாள் அக்கா, முற்றம் முழுக்கக் கேட்கும்படி. "நான் வெளியாளு! தலைவரே இடம் போட்டுக் குடுத்திருக்காரு! எனக்கு அந்தக் கப்பலை இன்னொரு தடவை பாக்கணும்!" மூச்சை இழுத்தாள். "மொத்தெக்கோ...ய்!"

முதலில் சிரிப்புதான் வெடித்தது. சிரித்த வாயை மூடுவதற்குள் அவள் மறுபடி இழுக்க, பக்கத்துப் படிக்காரர்கள் சேர்ந்துகொண்டார்கள். பிறகு கீழ்ப்படிகள். பிறகு வெள்ளைக் கால்சட்டைக்காரர்கள் ரோஷம் வந்து எழுந்து நின்றார்கள். குடைகள் சுருங்கின. சோற்றுருண்டைகள் உருண்டன. கோயில் மலை முழுக்க ஒரே வாய்.

தமொட்சு அண்ணனின் முழங்காலில் ரத்தம். அவர் எங்களைப் பார்த்தார். "என்னடா பாத்துட்டு நிக்கிறீங்க? கூப்பிடுறாங்க!"

திரும்பினோம். எப்படி ஓடினோம் என்று எனக்குத் தெரியாது, கால்கள்தான் ஓடின. அந்த ஈரக் கல்லில் கப்பல் ஒரு முழுச்சுற்று, இன்னொன்று, அதற்கு மேல் நிறுத்த முடியாமல் இன்னொன்று சுற்றியது. அழுத பிள்ளை பலகை உடையும்படி மேளத்தை அடித்தது. வெளியே போனோம், மறுபடி கூப்பிட்டார்கள். போனோம், மறுபடி. டிராகன்காரர்களே முற்றத்து வேலிக் கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்று கூப்பிட்டார்கள்.

எல்லாம் முடிந்து கப்பலை நிறுத்தியதும், கிசாபுரோ கல்படியில் ஏறினார். வயதானவர், ஈரப் படி, ஒவ்வொன்றாக ஏறினார். நாங்கள் பின்னாலேயே போனோம். கினு அக்காவின் முன் நின்று இடுப்பு வளையக் குனிந்தார். அவர் அவ்வளவு குனிந்து யாரும் பார்த்ததில்லை.

"கினு, இன்னையிலேர்ந்து நீ ஹோகாகே தெரு. தலைமுறைக் கணக்கெல்லாம் வேணாம். நான் சொல்றேன்."

அக்கா கூடையைத் தலையிலிருந்து எடுத்தாள். கண் கலங்கியிருந்தது. பிறகு மூக்கை உறிஞ்சினாள்.

"வேணாம் தலைவரே."

"என்னது?"

"நான் தெருக்காரியாயிட்டா, ஏழு வருஷம் கழிச்சு உங்களை யாரு கூப்பிடுவா?"

கிசாபுரோவிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. எனக்குத் தெரிந்து அவர் சிரித்தது அன்றுதான். "ஏழு வருஷம் கழிச்சும் கப்பல் வரும்கிறியா?"

"வராம? நான் கூப்பிடுவேன்ல."

அன்று மாலை மழை விட்டதும் அவள் வழக்கம்போலக் கூடையோடு படிக்கட்டின் அடியில் நின்று, "மத்தீ... மத்தியோ!" என்றாள். குரல் பாதிதான் இருந்தது. ஜன்னல்கள் திறந்தன. மேல்படி, கீழ்ப்படி, அடுத்த தெரு, எங்கிருந்தெல்லாமோ பதில் வந்தது: "மொத்தெக்கோ...ய்!" ஒரு நொடியில் கூடை காலி. கூப்பிட்டவர்கள் இன்னும் தட்டோடு நின்றுகொண்டிருந்தார்கள். அக்கா இடுப்பில் கை வைத்து அவர்களை ஒரு பார்வை பார்த்தாள்; காலிக் கூடைகளைத் தடியில் மாட்டிக்கொண்டு, மறுபடி மீன் கொண்டுவரத் துறைமுகத்துக்கு இறங்கினாள்.